வழுக்குகிற பைப்பும் ஒரு செயின் கிளாம்பும்

எங்கள் தோட்டத்து கேட்டைத் தாங்கி நிற்கிற கம்பம் 4 இஞ்ச் ஜிஐ பைப். உருண்டை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மலிவாகக் கிடைத்தது என்று அப்பா அதை வாங்கி ஊன்றியபோது, சதுர பைப்பாகப் போட்டிருக்கலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கிணத்துக்கடவுப் பக்கம் ஆனி, ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று நேராக எங்கள் கேட்டைத் தேடித்தான் வருகிறதோ என்று இருக்கும். போன வருஷம் அந்தக் காற்றில் கேட் படார் படாரென்று அடித்து அடித்து, கீழ்க் கீலின் வெல்டிங் விட்டுப்போய், கேட் ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் அண்ணன் மிஷினை எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு வந்தார். கேட்டை இரண்டு செங்கல்லில் ஏற்றி நிறுத்தி, மட்டம் பார்த்து, பழைய வெல்டிங்கைக் கிரைண்டரில் வழித்தார். ஜிஐ பைப் மேல் இருக்கிற துத்தநாகப் பூச்சையும் சேர்த்து வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் புகை கிளம்பும், அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும் என்பதை வேலை செய்துகொண்டே சொன்னார். அப்புறம் கீல் தகட்டை என் கையில் கொடுத்து, "தம்பி, ஆடாமப் புடிச்சுக்கங்க" என்றார்.

பிடிப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். தகடு தட்டை, பைப் உருண்டை. தட்டையான ஒன்று உருண்டையான ஒன்றின்மேல் உட்காரும்போது அது ஒரே ஒரு கோட்டில்தான் தொடும், மற்ற இடமெல்லாம் காற்று. இடது பக்கம் அழுத்தினால் வலது பக்கம் எழும்பும், வலது பக்கம் அழுத்தினால் இடது பக்கம். அவர் "கண்ணை மூடிக்கங்க" என்று சொல்ல, நான் மூட, பளீரென்று இமைக்குள்ளேயே வெளிச்சம் தெரிய, கை தன்னால் ஒரு நூல் நகர்ந்துவிட்டது. டாக், அதாவது தற்காலிகமாகப் பிடித்துவைக்கிற பொட்டு வெல்டிங், விழுந்துவிட்டது, கோணலாக. சுத்தியலால் ஒரே தட்டில் அதை உடைத்துவிட்டு மறுபடியும் "ஆடாமப் புடிங்க" என்றார். மறுபடியும் கோணல். சி கிளாம்ப் எடுத்து மாட்டிப் பார்த்தார். திருகத் திருக அது பைப்பின் முதுகில் வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் தொங்கியது. கட்டுக்கம்பியை இரண்டு சுற்று சுற்றிக் கட்டிங் பிளேயரால் முறுக்கினார், அது அறுந்தது.

அப்போதுதான் சாக்குப் பைக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு செயின் கிளாம்பை எடுத்தார். பார்க்க லாக்கிங் பிளேயர், அதாவது கையை எடுத்தாலும் பூட்டிக்கொண்டு நிற்கிற குறடு, மாதிரியே இருந்தது, ஆனால் கீழ்த் தாடை இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் செயின் போல ஒரு சங்கிலி தொங்கியது. தகட்டையும் பைப்பையும் சேர்த்து அந்தச் சங்கிலியால் ஒரு சுற்று சுற்றி, மிச்சத்தை மூக்கில் இருந்த பள்ளத்தில் மாட்டி, பின்னால் இருக்கிற திருகை இரண்டு திருப்பு திருப்பி, கைப்பிடியை அமுக்கினார். டக். கையை எடுத்துவிட்டார். தகடு அங்கேயே நின்றது. மட்டக்கோலை வைத்துப் பார்த்து, சுத்தியலால் லேசாக ஒரு தட்டுத் தட்டி நேராக்கிக்கொண்டு, "இனி டீ குடிச்சுட்டு வந்துகூட டாக் போடலாமுங்க" என்றார். நிஜமாகவே டீ குடித்துவிட்டு வந்துதான் போட்டார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம்.

முதலில் அது எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்பது புரியாமல் தூக்கம் வரவில்லை. கைவிட்ட பிறகும் இறுக்கம் எப்படி அப்படியே நிற்கிறது? ஸ்பிரிங்கா? கைப்பிடிக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறதுதான், ஆனால் அது தாடையைத் திறக்க மட்டும்தான். பூட்டுவது நம் முழங்கால் செய்கிற வேலை. ரொம்ப நேரம் வரிசையில் நிற்கும்போது காலைக் கொஞ்சம் வளைத்து நின்றால் தொடை வலிக்கும். முழங்காலை நன்றாகப் பின்னுக்கு நெட்டிக்கொண்டு நின்றால் வலி இல்லாமல் நிற்கலாம், உடம்பின் எடையே காலைப் பூட்டிக்கொள்ளும். யாராவது பின்னாலிருந்து முட்டியில் ஒரு தட்டுத் தட்டினால் பொசுக்கென்று மடங்கும். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் இதைச் செய்யாத பையன் உண்டா? குறட்டுக்குள்ளும் அதேதான். இரண்டு ஓரத்து ஆணிகளுக்கு நடுவில் ஒரு ஆணி. கைப்பிடியை அமுக்க அமுக்க நடு ஆணி மற்ற இரண்டையும் சேர்க்கிற நேர்கோட்டை நோக்கி வரும், கோட்டை ஒரு மயிரிழை தாண்டியதும் டக்கென்று உட்காரும். அதன்பிறகு வேலைப்பொருள் எவ்வளவு எதிர்த்துத் தள்ளினாலும் அந்தத் தள்ளல் நடு ஆணியை மேலும் பூட்டுகிற பக்கமாகவே அழுத்தும். விடுவிக்க, உள்ளே இருக்கிற சின்ன நெம்புகோலை விரலால் தட்டினால் போதும், முட்டியில் தட்டுகிற மாதிரி.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு கொல்லர் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. வில்லியம் பீட்டர்சன், டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர், நெப்ராஸ்கா மாநிலத்தில் டி விட் என்ற குக்கிராமத்தில் பட்டறை வைத்திருந்தார். பூட்டுகிற நெம்புகோல் வைத்த குறட்டுக்கு 1924-ல் காப்புரிமை வாங்கினார், வைஸ் கிரிப் என்ற பெயர் அவர் வைத்தது. ஒரு கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிக்கிறவனுக்குத்தான் பிடிக்கிற கை சும்மா இருக்கக்கூடாதா என்று தோன்றும். 1934-ல் கம்பெனியாக்கி அதே ஊரில் எழுபது வருஷத்துக்கு மேல் செய்தார்கள், 2008-ல் அங்கே தொழிற்சாலையை மூடிவிட்டு உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். செயின் கிளாம்ப் அந்தக் குறட்டின் உடன்பிறப்பு. உடம்பு அதே, பூட்டு அதே, தாடைக்குப் பதில் சங்கிலி.

ஆனால் சங்கிலியால் சுற்றி இறுக்குகிற யோசனை இருக்கிறதே, அதற்கு யாரும் நெப்ராஸ்காவுக்குப் போக வேண்டியதில்லை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். இரும்பு வளையத்தை வறட்டி அடுக்கிச் செக்கச்செவேலென்று காய்ச்சி, நாலு பேர் குறட்டால் தூக்கிவந்து மரச் சக்கரத்தின்மேல் இறக்கி, மரம் புகைந்து கருக ஆரம்பிக்கும்போதே குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும். சக்கரத்தின் ஒவ்வொரு ஆரக்காலும் கிறீச் கிறீச்சென்று முனகிக்கொண்டு சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் இறங்கும். ஒரு வளையம் சுருங்கினால் அது எல்லாப் பக்கத்திலிருந்தும் மையத்தை நோக்கி அழுத்துகிறது, அவ்வளவுதான் சூத்திரம். பாரம் ஏற்றின வண்டியில் கயிற்றைச் சுற்றி, நடுவில் ஒரு கட்டையைச் செருகி முறுக்குவதும் அதுவேதான். அதனால்தான் நான் முதல் செயின் கிளாம்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது அப்பா ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இதுக்கு ஒரு கவுறும் ஒரு தடியும் பத்தாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த முதல் கிளாம்பைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. இணையத்தில் வாங்கியது, பெயரைச் சொல்லப்போவதில்லை. விலை பாதி. மூன்றாவது தடவை அமுக்கியபோது சங்கிலியை உடம்போடு சேர்க்கிற ஆணி வாழைப்பழம் மாதிரி வளைந்தது. இரண்டாவதை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடுத்தேன். திருகு துருப்பிடித்து நின்றிருந்தது, மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டதும் வழிக்கு வந்தது. பழைய சாமானில் வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்றே இடம். கண்ணிகளைச் சேர்க்கிற பின்கள் தேய்ந்து சங்கிலி ஊஞ்சல் மாதிரி ஆடுகிறதா, மூக்கில் பின் உட்காருகிற பள்ளத்தின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, பூட்டின பிறகு கைப்பிடியைக் குலுக்கினால் தானாக விட்டுவிடுகிறதா. பெயின்ட் போனால் போகட்டும்.

அப்புறம் நான் செய்த அட்டூழியங்கள்.

வீட்டுக் குளியலறைக் கழிவுநீர்ப் பைப், 110 மி.மீ. பிவிசி. அறுக்கும்போது ஆடாமல் இருக்க அதை ஸ்டூல் காலோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். ஜம்மென்று நின்றது, நேராக அறுத்தேன், பெருமையாக இருந்தது. அடுத்த பைப்போடு சேர்க்கிற கப்ளிங்குக்குள் அது போகவில்லை. சுற்றிப் பார்த்தால் சங்கிலி இருந்த இடமெல்லாம் சரியாக இருக்கிறது, குறட்டின் மூக்கு உட்கார்ந்த ஒரே இடத்தில் மட்டும் பைப் உள்ளே அமுங்கிச் சப்பையாகியிருக்கிறது. சங்கிலி சுற்றிலும் பரவலாக அழுத்துகிறது, உண்மைதான், ஆனால் குறட்டின் உடம்பு ஒரே இடத்தில் சாய்ந்து உட்காருகிறது. மெல்லிய சுவர் உள்ள எதுவும் முதலில் அங்கேதான் நசுங்கும். இப்போதெல்லாம் பிவிசி என்றால் மூக்குக்கு அடியில் சைக்கிள் டியூப்பை மடித்து வைக்கிறேன், கூடவே பைப்புக்குள் ஒரு மரக்கட்டையைத் திணித்துக்கொள்கிறேன், இறுக்கத்தையும் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டாவது கொடுமை தாத்தாவின் தேக்கு நாற்காலி. கடைசல் பிடித்த முன்னங்கால் நார்வாக்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிந்திருந்தது. விரிசலுக்குள் பெவிகாலைப் பிதுக்கி நிரப்பி, பசை காயும்வரை சேர்ந்து இருக்கட்டும் என்று வெறும் சங்கிலியையே மரத்தின்மேல் சுற்றிப் பூட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் அவிழ்த்துப் பார்த்தால் விரிசல் ஒட்டியிருந்தது. கூடவே நாற்காலிக் காலைச் சுற்றிலும் கண்ணி கண்ணியாக, அரைஞாண் கட்டினது போல அச்சு விழுந்திருந்தது. தேக்கில் விழுந்த அச்சு. ஈரத்துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஆவி காட்டினால் அமுங்கின மரநார் கொஞ்சம் எழும்பும், எழும்பியது, முழுசாக இல்லை. அந்தக் காலை இப்போது சுவர்ப் பக்கம் திருப்பிவைத்திருக்கிறோம். மரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் என்ன வைக்க வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. துணி போதாது, கண்ணி துணி வழியாகவே பதியும். விரலளவு அகலத்தில் மூங்கில் சிம்புகளைச் சுற்றிலும் நெடுக்காக அடுக்கி அதன்மேல் சங்கிலியைப் போட்டால் அழுத்தம் சிம்பு முழுக்கப் பரவும். பசை பிதுங்கி வந்து சிம்பும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் பால் கவர்.

எவ்வளவு பெரிய பொருளைப் பிடிக்கும் என்பது வெறும் கணக்கு. சாதாரணமாகக் கிடைக்கிற கிளாம்பில் சங்கிலி 18 இஞ்ச், அதாவது 457 மி.மீ. எங்கள் கேட் கம்பம் 4 இஞ்ச் என்று சொன்னாலும் வெளிவிட்டம் 114 மி.மீ., சுற்றளவு 359. தாராளமாகச் சுற்றி, கீல் தகட்டையும் அணைத்துக்கொண்டு, பிடித்து இழுக்க வால் மிச்சமிருக்கும். 5 இஞ்ச் பைப்புக்குச் சுற்றளவு 439, காகிதத்தில் எட்டுகிறது, ஆனால் நடுவில் 2 மி.மீ. ரப்பரைச் சுற்றினாலே சுற்றளவு இன்னொரு 12 மி.மீ. கூடிவிடும், தகடு ஏதாவது இருந்தால் முடிந்தது கதை. 6 இஞ்சுக்கு வாய்ப்பே இல்லை, நீட்டிப்புச் சங்கிலி தனியாக வாங்கி மாட்ட வேண்டும். முக்கால் இஞ்ச் பைப்பில் வேறு தொல்லை, அவ்வளவு சின்ன வளைவுக்குக் கண்ணிகள் மடங்காது, அதற்குச் சாதாரண லாக்கிங் பிளேயரே போதும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, வெல்டிங் அண்ணன் அந்தச் சுத்தியலால் லேசாகத் தட்டியதைப் பார்த்து நானாகக் குடைந்து கண்டுபிடித்துக்கொண்டது. முரட்டுக் காளையின் கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் மறுமுனையை ஒரு சின்னப் பையன் பிடித்துக்கொண்டு நிற்கலாம் இல்லையா? கயிறும் மரமும் உரசுவதே பெரும்பாலான இழுவையைத் தின்றுவிடுகிறது. சங்கிலியிலும் அதே கதை. குறடு இரண்டு முனைகளையும் இழுக்கிறது, ஆனால் அந்த இழுவை பைப்பைச் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போய்ச் சேருவதற்குள் உராய்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். இரும்போடு இரும்பு, உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால் அரைச் சுற்று தாண்டுவதற்குள் இழுவை 100-லிருந்து 53-க்கு இறங்கிவிடுகிறது. ரப்பர் வைத்தால் இன்னும் மோசம். அதாவது குறட்டுப் பக்கம் கன்னாபின்னாவென்று இறுகியிருக்கும், பின்பக்கம் தொளதொளவென்று இருக்கும். நாம் பின்பக்கத்தை நம்பித் தகட்டை அங்கே வைத்திருப்போம். அதனால் பாதி இறுக்கத்தில் பூட்டிவிட்டு, சங்கிலியைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்ட வேண்டும். தட்டும்போது கண்ணிகள் ஒரு கணம் துள்ளி உராய்விலிருந்து விடுபட்டு, இழுவையைப் பின்னால் கடத்தும். பூட்டு கொஞ்சம் தளர்ந்த மாதிரி தெரியும். திறந்து, திருகைக் கால் சுற்று ஏற்றி, மறுபடியும் பூட்டு. இரண்டு தடவை இப்படிச் செய்தால் விரல் நகத்தால் சுண்டிப் பார்த்தாலே தெரியும், முன்னும் பின்னும் ஒரே சத்தம் வரும்.

ஆனால் எனக்கு இதில் ஆகப் பிடித்த வேலை கீல் இல்லை, பைப்போடு பைப் சேர்ப்பது. புடலைப் பந்தலுக்கு 8 அடிக் கம்பங்கள் இருந்தன, 11 அடியாக நீட்ட வேண்டியிருந்தது, 2 இஞ்ச் பைப். இரண்டு உருண்டைகளை முனையோடு முனை வைத்து நேராகப் பிடிப்பது என்பது தலைகீழாக நின்று டீ குடிக்கிற காரியம். கண்ணுக்கு நேராகத் தெரியும், வெல்டிங் முடித்து நிமிர்த்தி நட்டால் நாய்வால். இதற்கு ஒரு 40 மி.மீ. ஆங்கிள் துண்டு, அதாவது எல் எழுத்து மாதிரி மடக்கின இரும்புச் சட்டம், இரண்டடி நீளம், போதும். ஆங்கிளை மடக்கு கீழே இருக்கும்படி ஆங்கில வி எழுத்து மாதிரி வைத்து, இரண்டு பைப்புகளையும் அந்தப் பள்ளத்தில் படுக்கவைத்து முட்டவிட வேண்டும். ஒவ்வொரு பைப்பும் பள்ளத்தின் இரண்டு சுவர்களையும் தொட்டே ஆக வேண்டும், ஒரே விட்டமுள்ள பைப்புகள் என்பதால் இரண்டின் மையமும் தானாக ஒரே கோட்டில் வந்துவிடும். முட்டுகிற இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செயின் கிளாம்ப், இந்தப் பக்கம் ஒன்று, ஆங்கிளையும் பைப்பையும் சேர்த்துச் சுற்றி. என்னிடம் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்றை வெல்டிங் அண்ணனிடம் இரவல் வாங்கினேன்.

இப்போது பைப்பின் மேல்பாதி திறந்தே இருக்கிறது. அங்கே ஒரு டாக், கொஞ்சம் தள்ளி இன்னொன்று, எதிர்ப்பக்கம் எட்டுகிற வரைக்கும் ஒன்று. ஒரே பக்கமாக வைத்துக்கொண்டே போனால் வெல்டிங் ஆறும்போது சுருங்கி அந்தப் பக்கமாக இழுக்கும், ஆங்கிளையே லேசாக வளைக்கிற அளவுக்கு இழுக்கும். மூன்று டாக் விழுந்ததும் அவசரப்பட்டு அவிழ்க்கக் கூடாது. கை பொறுக்கிற சூடு வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அன்றைக்குப் பதினோரு கம்பங்கள் செய்தேன். முதல் இரண்டு கோணல், பொறுமை இல்லாததால். மற்ற ஒன்பதும் நூல் பிடித்த மாதிரி. அந்த இரண்டையும் பந்தலின் கடைசி மூலையில் நட்டிருக்கிறேன், புடலங்கொடி மூடிவிட்டது.

வெல்டிங் மிஷினிலிருந்து வேலைப்பொருளில் கொண்டுவந்து மாட்டுகிற எர்த் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. செயின் கிளாம்ப் பைப்பில்தான் இருக்கிறதே என்று எர்த்தை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்சாரம் அத்தனை கண்ணிகள் வழியாகவும் தாவித் தாவிப் போக வேண்டும், கண்ணிக்குக் கண்ணி தொடுகிற இடம் ஊசிமுனை அளவு, அங்கே பொறி பறந்து பின்கள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சங்கிலி மடங்காது, கம்பியாகிவிடும். எர்த் எப்போதும் பைப்பிலேயே இருக்கட்டும். பின்னால் இருக்கிற திருகின் மரையில் வெல்டிங் பொறி உருண்டை உருண்டையாக ஒட்டுவதும் ஒரு தலைவலி, வேலைக்கு முன்னால் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டால் விரலால் உதிர்த்துவிடலாம். சங்கிலிக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், பிடிக்க வேண்டியவனுக்கு எண்ணெய் தடவிவிட்டு வழுக்குகிறான் என்று திட்டக்கூடாது.

போர்வெல் கதையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் போர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முக்காலி, செயின் பிளாக் எல்லாம் கட்டி, பைப் பைப்பாக ஏற்றிக் கழற்றிக்கொண்டிருந்தபோது, கேசிங் என்கிற, போர்க் குழிக்குள் இறக்கியிருக்கிற வெளிக்குழாயின் வாயில் பைப்பைத் தாங்குகிற கிளாம்பின் போல்ட் ஒன்று மரை போய்விட்டது. வேறு போல்ட்டுக்கு ஆள் போயிருந்தான். நான் ஓடிப்போய் என் செயின் கிளாம்பை எடுத்துவந்து நீட்டினேன், இதைப் போடுங்க, விடவே விடாது என்று. அந்தக் குழுவில் பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கண்ணு, இது வெச்சா உங்க கெளாம்பும் கெணத்துக்குள்ள, எங்க பைப்பும் கெணத்துக்குள்ள" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 இஞ்ச் ஜிஐ பைப் மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ. 300 அடி என்றால் 90 மீட்டர் சொச்சம், 450 கிலோ. பைப்புக்குள் நிற்கிற தண்ணீர் மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல், அது ஒரு 200. அதற்கும் கீழே மோட்டார், பம்பு, கேபிள். முக்கால் டன்னுக்குப் பக்கத்தில் வருகிறது. ஈரப் பைப், அதன்மேல் உராய்வை மட்டும் நம்பி நிற்கிற ஒரு கைக்கருவி. என் கிளாம்ப் பைப்பில் சறுக்கிக்கொண்டே இறங்கி, கேசிங் வாயில் மோதி, பூட்டு தெறித்துத் திறந்து, அந்தக் கைப்பிடி யார் முகத்தில் அடித்திருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

அதேபோல இறுகிப்போன பைப்பைத் திருப்புவதற்கும் இது ஆகாது. அதற்கென்று செயின் ரிஞ்சு என்று தனியாக இருக்கிறது, நீளமான கைப்பிடி, பல் வைத்த தலை, இழுக்க இழுக்க இறுகும். நம்முடையது நிற்கவைக்கிற சாமான். ஆயில் ஃபில்டர் மாதிரி லேசானதைத் திருப்பிக் கழற்றியிருக்கிறேன், ஆனால் மெல்லிய டப்பா, நசுங்கும், எப்படியும் தூக்கிப்போடப்போகிற பழைய ஃபில்டர் என்பதால் பரவாயில்லை. புதியதை மாட்டும்போது கையால்தான். பூட்டைத் திறக்கும்போது உள்ளங்கைச் சதை கைப்பிடிகளுக்கு நடுவில் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஒரு தடவை மாட்டிக்கொண்டால் நான் சொல்லவே தேவையில்லை.

போன வாரம் சனிக்கிழமை வாட்டர் டேங்க் ஸ்டாண்டுக்கு ஒரு சட்டம் வைக்க வேண்டியிருந்தது. ஷெட்டில் ஆணியில் தொங்குகிற இடத்தில் கிளாம்ப் இல்லை. சாக்குப்பை, டிராக்டர் டூல் பாக்ஸ், மோட்டார் ரூம் என்று தேடிவிட்டு, யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்கள் என்று முனகிக்கொண்டே வந்தால், மாட்டுச்சாலைத் திண்ணையில் அப்பாவின் மண்வெட்டி படுத்திருந்தது. பிடி தலைக்குக் கீழே விரிந்திருக்கும்போல. உள்ளே பசை வைத்து, சுற்றிலும் தென்னை மட்டையைச் சீவின சிம்புகளை நெருக்கமாக அடுக்கி, நடுவில் யூரியாச் சாக்கின் உள்பாலிதீனைச் சுற்றி, அதன்மேல் என் செயின் கிளாம்ப் பூட்டிக் கிடந்தது. சங்கிலியைச் சுண்டிப் பார்த்தேன். முன்னும் பின்னும் ஒரே சத்தம்.

கைப்பிடியில் விரலை வைக்கப் போனேன். உள்ளேயிருந்து குரல் வந்தது, "அதத் தொடாதடா, இன்னும் காயல. திங்கக்கெழம எடுத்துக்க."